நிதிக்கு வாய்த்த முகம்

அழும்போது முகம் நன்றாக இருப்பது எல்லோருக்கும் வாய்க்காது. நம்மில் பல பேர் அழுதால் மூக்குதான் முன்னால் வந்து நிற்கும். பெரியவளுக்கு அந்த முகம் வாய்த்திருந்தது. பாவம், அது அவளுக்கே தெரியாது. ஒரு பத்திரிகைக்காரர் படம் எடுத்துப் போட்ட பிறகுதான் தெருவுக்குத் தெரிந்தது, கடல் தாண்டியும் தெரிந்தது.

ஆலயத்தில் வெடி வெடித்த ஞாயிற்றுக்கிழமை எடுத்த படம் அது. எதிர்ச்சாரி நடைபாதை விளிம்பில் உட்கார்ந்திருக்கிறாள். தலையெல்லாம் காரைத் தூசி. வாய் பாதி திறந்திருக்கிறது. வலது கையை இறுக மூடி நெஞ்சோடு வைத்திருக்கிறாள். கீழே ‘மகளைத் தேடும் தாய்’ என்று போட்டிருந்தார்கள். செத்தவர்களின் குடும்பங்களுக்கும் காயம்பட்டவர்களுக்கும் நிவாரண நிதி திரட்டக் குழு அமைந்தபோது, அந்தப் படத்தையே பதாகையில் அடித்தார்கள், கடைகளில் வைத்த உண்டியல்களில் ஒட்டினார்கள், தூர தேசத்துச் சபைகளுக்கும் அனுப்பினார்கள். பணம் வந்தது. மருந்துக்கு வந்தது, இடிந்த கூரைக்கு வந்தது, தகப்பன் இல்லாமல் போன பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு வந்தது.

அந்த மூடிய கைக்குள் என்ன இருந்தது என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பிள்ளையின் கம்மல் என்றார்கள். தலை ரிப்பன் என்றார்கள். சின்னச் சிலுவை என்றார்கள். உள்ளே இருந்தது கடைக்காரர் கொடுத்த சில்லறை.

பெரியவளுக்கு மகளே கிடையாது. மகனும் இல்லை. அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரே வீட்டில் குடித்தனம். அண்ணன் பெண்டாட்டி பெரியவள், தம்பி பெண்டாட்டி சின்னவள். வீட்டின் முன்னறைதான் கடை. அண்ணனும் பெரியவளும் ஜன்னல் திரை தைத்துக் கொடுத்தார்கள். தம்பி சரக்கு லாரி ஓட்டினான், மாதத்தில் பாதி நாள் வெளியூர். சின்னவளுக்கு ரொட்டி ஆலையில் பொட்டலம் கட்டுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை ஷிப்டுக்குக் கூடுதல் கூலி, அதை அவள் விடமாட்டாள். அதனால் அவள் மகளை ஆலயத்துக்குக் கூட்டிப் போவது பெரியவள் பாடு. அந்தப் பெண்ணுக்கு வீட்டில் வைத்த பேர் வாயாடி. படிப்பது மூன்றாம் வகுப்பு, பேச்சைக் கேட்டால் பென்ஷன் வாங்குகிறவள் என்று நினைப்பீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று கேளுங்கள். பாட்டு ஆரம்பித்ததும் காணிக்கைத் தட்டு வரும். பையாக இருந்தால் கையை உள்ளே விட்டு எடுத்துவிடலாம், யார் கண்டது? இங்கே திறந்த தட்டு. அதைத் தூக்கி வருகிறவர் சபையின் செயலாளர். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு மூச்சு நின்று, தட்டைப் பார்க்காமல் ஆளின் முகத்தைப் பார்ப்பார். பிள்ளைகள் அவருக்குத் தட்டு மாமா என்று பேர் வைத்திருந்தார்கள். பெரியவள் கைப்பையைத் திறந்து பார்த்தால் ஒரே ஒரு பெரிய நோட்டு கிடந்தது. திரைத்துணி வாங்க வைத்திருந்தது. அதை அப்படியே போட மனசு வரவில்லை. போட்டுவிட்டுத் தட்டிலிருந்து மீதி எடுத்துக்கொள்ள மானம் இடம் கொடுக்கவில்லை. ஒன்றும் போடாமல் விட்டால் தட்டு மாமாவின் பார்வை அடுத்த ஞாயிறு வரைக்கும் முதுகில் ஊரும்.

"வாயாடி, நான் போய் நோட்டை மாத்திட்டு வரேன். என் இடத்தை விட்டுடாதே."

"விடமாட்டேன். எனக்கு பிஸ்கட்?"

"வாயை மூடு. சரி, வாங்கிட்டு வரேன்."

எதிர்க் கடைக்காரர் சும்மா மாற்றித் தரமாட்டேன், ஏதாவது வாங்குங்கள் என்றார். பிஸ்கட் பார்த்துக்கொண்டு நின்றாள். வட்டமா, சதுரமா, நடுவில் க்ரீம் வைத்ததா வைக்காததா. அவளுக்கும் அவசரமில்லை, தட்டு வரிசையைத் தாண்டிப் போகட்டும் என்றுகூட ஒரு ஓரத்தில் நினைப்பு. மீதியைக் கையில் வாங்கும்போதுதான் அந்தச் சத்தம் வந்தது.

அதை நான் நீட்டிச் சொல்லப் போவதில்லை, கண்ணுகளா. அப்படிப்பட்ட செய்தி உங்கள் வீட்டுக்குள்ளும் என்றைக்காவது வந்திருக்கும். செயலாளர் தன் மனைவியை இழந்தார். பாடகர் வரிசையில் பாதிப் பேர் இல்லை. வாயாடியை யாரோ போர்வையில் சுற்றித் தூக்கி வந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் அவள் கண் திறந்தபோது இந்தப் பக்கம் சின்னவள், அந்தப் பக்கம் பெரியவள். வாயாடி மெதுவாகத் தலையைத் திருப்பிக் கேட்டாள். "பெரியம்மா, சில்லறை கிடைச்சுதா?"

"ஜுரத்துல என்னமோ உளர்றா," என்று சின்னவள் அழுதாள். பெரியவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

இன்னொரு நாள், சின்னவள் மருந்து வாங்கக் கீழே போயிருந்த நேரம் வாயாடியே மீதியையும் சொன்னாள். "உன் இடத்துல ஒரு ஆன்ட்டி உக்கார வந்தாங்க. நான் காலை நீட்டிப் போட்டுக்கிட்டேன். ஆள் வருதுன்னு சொன்னேன். அவங்க பின்னாடி போயிட்டாங்க. அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையாம், பெரியம்மா."

வாயாடிக்கு மற்ற இடமெல்லாம் கீறல்தான். பெஞ்சின் ஓரத்தில், பெரியவளின் இடத்தில், நீட்டி வைத்திருந்த வலது கால்தான் முழங்காலுக்குக் கீழே நொறுங்கிப் போயிருந்தது.

"அம்மாகிட்ட இதெல்லாம் சொன்னியா?"

"இல்லையே. நீதான் வாயை மூடுன்னு சொன்னியே."

சிரிக்கவா அழவா என்று தெரியாமல் பெரியவள் போர்வையை இழுத்து இழுத்துச் சரி செய்தாள். அப்போதே நீ தாராளமாகச் சொல்லலாம் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதுதான் அவளை அதிகமாக அரித்தது. வெளியே போனதைக் கூட விதி என்று தள்ளிவிடலாம். ஒரு பிள்ளையின் வாயில் பூட்டுப் போட்டுவிட்டுத் தான் பாட்டுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாளே, அதை எந்தக் கணக்கில் தள்ளுவது?

வீட்டுக்கு வந்த பிறகு இன்னும் மோசம். சின்னவளுக்குத் தன் ஓரகத்தியும் உள்ளேதான் இருந்தாள், வெடியில் வெளியே வந்து விழுந்தாள் என்று நினைப்பு. படத்தில் தூசியோடு உட்கார்ந்திருக்கிறாளே. "அக்கா, அன்னிக்கு நீங்க கூட இருந்தீங்கன்னுதான் நான் இன்னும் மூச்சு விடறேன்," என்பாள், மாவு பிசைகிற கையோடு. பெரியவள் அடுப்பைக் குறைக்கிற சாக்கில் திரும்பிக்கொள்வாள். சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வரும். சின்னவள் அக்கா என்று இன்னொரு தடவை கூப்பிடுவாள். வந்தது உள்ளே போய்விடும்.

தெருவில் இறங்கினால் தன் முகமே எதிரில் வந்தது. மருந்துக்கடை உண்டியலில், பஸ் நிறுத்தத்துச் சுவரில், மாவு மில் கதவில். காய்கறிக்காரர் காசு வாங்க மறுத்தார். "உங்ககிட்ட வாங்கினா எனக்கு விளங்குமா?" என்றார். அதற்குப் பயந்து இரண்டு தெரு தள்ளிப் போய் வாங்கினாள். அங்கேயும் ஒரு உண்டியல் வைத்திருந்தார்கள். சின்னவளுக்கு இதெல்லாம் கேலி. "அக்கா இப்ப பெரிய நடிகை. தக்காளி வாங்கப் போனாலும் கூட்டம் சேருது. நாங்க எல்லாம் பையைத் தூக்கிக்கிட்டுப் பின்னாடி வரணும்." அந்த வீட்டில் சிரிப்பு திரும்பி வந்ததே அவளால்தான். அவள் சிரிக்கச் சிரிக்கப் பெரியவள் உள்ளுக்குள் சுருங்கினாள்.

டாக்டர் கடைசியாகச் சொன்னது இதுதான்: காலுக்குள் வைத்த கம்பியை எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டும், வளர்கிற பிள்ளை, பிறகும் ஒரு தடவை திறக்க வேண்டியிருக்கும். வாயாடிக்கு மட்டுமில்லை, அப்படி இன்னும் சில பேர். நிதியில் இருந்தது கரைந்துகொண்டிருந்தது.

செயலாளர் ஒரு சாயங்காலம் முன்னறைக்கு வந்தார். மனைவி போன பிறகு ஆள் பாதியாகியிருந்தார், சட்டை தோளில் தொங்கியது. தையல் மிஷினைத் தள்ளி நாற்காலி போட்டார்கள்.

"சனிக்கிழமை வெளிநாட்டுலேருந்து நாலஞ்சு பேர் வர்றாங்க. இதுவரைக்கும் அதிகமா அனுப்பினது அவங்கதான். நேர்ல பார்த்துட்டு, அடுத்த தவணையை முடிவு பண்ணுவாங்க. உங்களைப் பார்க்கணும்னு கேட்டிருக்காங்க."

"என்னையா? எதுக்கு?"

"படத்துல இருக்கிறது நீங்கதானே." அவர் வாயாடியின் ஊன்றுகோலைப் பார்த்தார், சின்னவளைப் பார்த்தார், பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார். "அதுல தாய்னு போட்டிருக்கு. முதல்லயே திருத்தியிருக்கணும். நான் திருத்தலை. இப்போ போய் இது தாய் இல்லைன்னா, வேற எதெல்லாம் பொய்னு யோசிப்பாங்க. ஒரு மணி நேரம் பிள்ளை பக்கத்துல நில்லுங்க, போதும். ஒண்ணும் பேச வேண்டாம். கேட்டா நான் மொழிபெயர்த்துக்கறேன்."

"பெத்தவ உக்காந்திருக்கா, அவ முன்னாடி..." என்று பெரியவள் இழுத்தாள்.

சின்னவள் ஒரு திரையின் கீழ்மடிப்பைக் கையால் நீவிக்கொண்டே இருந்தாள். ரொம்ப நேரம் நீவினாள்.

"அக்காவே நிக்கட்டும்," என்றாள். "நான் டீ கொடுக்கறேன். யாராவது கொடுக்கணும் இல்ல? என் பிள்ளை கால் நல்லா வந்தா யாரு அம்மாவா நின்னா என்ன."

வாயாடி மட்டும் விடவில்லை. "அப்ப நான் பெரியம்மாவை அம்மான்னு கூப்பிடணுமா? அம்மாவை என்னன்னு கூப்பிடறது? டீக்காரம்மான்னா?"

யாரும் சிரிக்கவில்லை. பெரியவள் அன்றைக்குத் தைத்த திரையில் கொக்கி வைக்கிற பக்கத்தை மாற்றித் தைத்துவிட்டாள். கணவர் பிரித்துக் கொடுத்தார்.

சனிக்கிழமை ஆலயத்தை ஒட்டிய கூடத்தில் மடக்கு நாற்காலிகள் போட்டார்கள். மேடைக்குப் பின்னால் கதவளவு பதாகை. அதிலிருந்து பெரியவள் பெரியவளையே பார்த்தாள். அடிபட்ட குடும்பங்கள் எல்லாம் வந்திருந்தன. வந்தவர்கள் நல்லவர்கள், அதைச் சொல்லியாக வேண்டும். யாரும் அதிகாரம் காட்டவில்லை. அவர்களில் நரைத்த தலை அம்மாள் ஒருத்தி, பெரியவளைப் பார்த்ததுமே எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். படபடவென்று என்னமோ சொன்னாள்.

"உங்க படத்தைச் சமையல்கட்டுல ஒட்டி வெச்சிருக்காங்களாம். தினமும் அதைப் பார்த்து ஜெபம் பண்றாங்களாம்," என்றார் செயலாளர்.

பெரியவள் தரையைப் பார்த்தாள். பேசக்கூடாது, பேசினால் கால் போய்விடும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தச் சமயம் பார்த்துச் சின்னவள் டீத் தட்டோடு வந்தாள். வந்தவர்களில் ஒருவர், பேச்சு மும்முரத்தில், அவள் முகத்தைப் பார்க்காமலே ஒரு கப்பை எடுத்துக்கொண்டார். சின்னவள் தலையைக் குனிந்து அடுத்தவரிடம் நகர்ந்தாள். வாயாடியைத் தாண்டிப் போகும்போது, அவள் சட்டைக் காலரைக் கண்ணால் மட்டும் சரி செய்துவிட்டுப் போனாள். கையில் தட்டு இருந்தது.

"உங்க மகளை எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு கேக்கறாங்க," என்றார் செயலாளர்.

பெரியவள் வாயைத் திறந்துவிட்டாள்.

"நான் தேடவே இல்லைன்னு சொல்லுங்க. இவ என் மக இல்லை. அதோ தட்டோட நிக்கிறாளே, அவ பெத்த பிள்ளை. என்னை நம்பி அனுப்பினா. காணிக்கை போடச் சில்லறை இல்லைன்னு நான் எழுந்து வெளிய போனேன். பெரிய நோட்டைப் போட மனசு வரலை. கடைல நின்னு பிஸ்கட் பார்த்துக்கிட்டிருந்தேன். இடத்தைப் பிடிச்சு வைன்னு சொன்னேன், இவ காலை நீட்டிப் பிடிச்சு வெச்சா. நான் உக்காந்திருக்க வேண்டிய இடத்துலதான் அந்தக் கால் இருந்தது. நான் கடையை விட்டு ஓடி வந்தேன், எதிர்ல வாசல்ல புகையைப் பார்த்ததும் ரோட்டைத் தாண்டலை. உள்ள போகலை. நடைபாதையில உக்காந்துட்டேன். அந்தப் படம்தான் இது. சொல்லுங்க."

கூடத்தில் இருந்த எங்கள் ஜனத்துக்கு எல்லாம் புரிந்தது. ஒரு நாற்காலி கிறீச்சிட்டு நின்றது. புரியாதவர்கள் அந்த நாலஞ்சு பேர் மட்டும்தான். அவர்கள் செயலாளரின் வாயைப் பார்த்துக் காத்திருந்தார்கள்.

செயலாளர் கைக்குட்டையால் வாயை ஒற்றினார். பிறகு அவர்கள் மொழியில் சின்னதாக என்னமோ சொன்னார். அந்த அம்மாளின் கண் நிரம்பியது. பெரியவளை அணைத்து முதுகைத் தட்டிக் கொடுத்தாள்.

"நான் சொன்னதுல கால்வாசி கூட இல்லையே," என்றாள் பெரியவள், அந்தத் தோளுக்கு மேலிருந்து. "அதுக்குள்ள முடிச்சுட்டீங்களே."

"சுருக்கமாச் சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

"பிள்ளையைத் தனியா விட்ட துக்கம் இவங்களை விடவே மாட்டேங்குதுன்னு சொன்னேன். அதுல பொய் இருக்கா?" அவர் குரல் தணிந்திருந்தது. "அம்மா, காலுக்காகக் காத்திருக்கிறது உங்க வீட்டுப் பிள்ளை மட்டுமில்லை. உங்க பாரத்தை இறக்க வேற இடம் பாருங்க. இந்த இடம் வேண்டாம்."

பின்வரிசையில் எலெக்ட்ரீஷியன் கிழவர், தம்பியைப் பறிகொடுத்தவர், பக்கத்திலிருந்தவரிடம் ரகசியம் என்று நினைத்துச் சத்தமாகவே சொன்னார். "தட்டு வர்ற நேரத்துல நான் வருஷக்கணக்கா கண்ணை மூடிக்கிட்டுதான் இருக்கேன். ஜெபம்னு நினைச்சுக்கிட்டாங்க." இரண்டு மூன்று பேர் இருமி மறைத்தார்கள். ஆனால் எல்லோரும் இருமவில்லை. பாடகர் வரிசையில் மகனை இழந்தவள் பெரியவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பார்வையைப் பெரியவள் வாங்கி வைத்துக்கொண்டாள். எதிர்பார்த்ததுதான்.

சின்னவள் டீத் தட்டோடு நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு மிச்சமிருந்தவர்களுக்கும் கொடுத்துவிட்டு, காலிக் கப்புகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு உள்ளே போனாள்.

வந்தவர்கள் அடுத்த தவணைக்குச் சம்மதம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். காலுக்கு வழி பிறந்தது. செயலாளர் பதாகையைச் சுருட்டினார். வாயாடி பெரியப்பாவோடு வாசலில் கார்களை வேடிக்கை பார்க்கப் போனாள். கூடத்துச் சமையலறையில் கப்பு கழுவ இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள்.

சின்னவள் கழுவினாள், பெரியவள் துடைத்தாள்.

"இதுல விரிசல் இருக்கு. தனியா வைங்க," என்றாள் சின்னவள். வார்த்தைக்கு வார்த்தை அக்கா போடுகிறவள். போடவில்லை.

பெரியவள் தனியாக வைத்தாள். "என்னை ஏதாவது திட்டேன்."

"நாலு மாசம். ஒரே அடுப்பு. காலைல ஒரே பாத்திரத்துலேருந்து டீ ஊத்திக் குடிச்சோம்."

"உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியலை."

"அவங்க முகத்தைப் பார்த்து முடிஞ்சுதே. பாஷை தெரியாத முகம்." சின்னவள் ஒரு கப்பைத் திருப்பித் திருப்பித் தேய்த்தாள், அது எப்போதோ சுத்தமாகியிருந்தது. "தட்டுக்குப் பயந்து போனது கூடப் பரவாயில்லை. அந்த மாமா பார்வைக்கு நானும் பயந்திருக்கேன். இன்னிக்கு எனக்குப் பயந்துக்கிட்டு ஊர்கிட்ட போய்ச் சொன்னீங்க பாருங்க. நாற்பது பேருக்கு டீ கொடுத்துக்கிட்டே நான் அதைக் காதுல வாங்கணும். என் பிள்ளையோட கால் எப்படிப் போச்சுங்கிறதை."

பெரியவளுக்கு அது படவே இல்லை அதுவரைக்கும். தான் ஏதோ தைரியம் செய்துவிட்டதாக, தண்டனைக்குத் தலையைக் கொடுத்துவிட்டதாக நினைத்திருந்தாள். இப்போது பார்த்தால், அதுவும் ஒரு நழுவல். முதல் தடவை பெஞ்சிலிருந்து நழுவினாள். இந்தத் தடவை கூட்டத்துக்குள் நழுவினாள். கையிலிருந்த துணி ஈரமாகிக் குளிர்ந்தது. மன்னிச்சுடு என்று சொல்ல வந்தாள். அந்த வார்த்தையும் ஓடி ஒளிகிற இடமாகத் தோன்றியது. சொல்லவில்லை.

"துணியை வைங்க," என்றாள் சின்னவள். "இப்ப என்கிட்ட சொல்லுங்க."

"எல்லாம் கேட்டியே."

"அது அவங்களுக்குச் சொன்னது. எனக்குச் சொல்லலை. நான் ஷிப்டுக்குக் கிளம்பிப் போனதிலேருந்து ஆரம்பிங்க. அவ எப்ப எழுந்தா, என்ன சாப்பிட்டா, வழியில என்ன பேசினா. எல்லாம் எனக்குத் தெரியணும்." அவள் குரல் அங்கேதான் முதல் தடவையாக உடைந்தது. "கூடுதல் கூலின்னு நான் ரொட்டி கட்டிக்கிட்டிருந்தேன். என் பிள்ளை ரெண்டு காலால நடந்த கடைசிக் காலைவேளை. அதை நான் பார்க்கலை. பார்த்தது நீங்கதான்."

பெரியவள் துணியை மேடைமேல் வைத்தாள். சின்னவளின் முகத்தைப் பார்த்தாள்.

"நீ போறப்ப தூங்கிக்கிட்டுதான் இருந்தா," என்றாள். "எழுந்ததும் ஊதாச் சட்டைதான் போடுவேன்னு ஒரே அடம். அது துவைக்கப் போட்டிருந்தது. எடுத்து உதறிப் போட்டுக்கிட்டா."

சின்னவள் குழாயை மூடினாள்.

"ரொட்டியில ஓரத்தை மட்டும் பிச்சு வெச்சுட்டா. வழியில சாக்கடை மூடி ஒவ்வொண்ணு மேலயும் ஒரு குதி. விழுந்துடப்போறேன்னு கையைப் பிடிச்சேன், உதறிட்டா."

"எந்தக் காலால குதிச்சா?"

"ரெண்டையும் சேர்த்து வெச்சு."

சின்னவள் கழுவுதொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். பெரியவள் தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஆலயத்து வாசல் நெருங்க நெருங்கக் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"நிறுத்தாதீங்க," என்றாள் சின்னவள்.

பெரியவள் நிறுத்தவில்லை.